அடங்காத இரத்த அழுத்தம்: இரண்டாவது கருத்துக்கு எந்தத் துறை?

வணக்கம். குடியாத்தத்தில் வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 56. அம்லோடிபின், டெல்மிசார்டான், குளோர்தாலிடோன் ஆகிய மூன்று மாத்திரைகளையும் எட்டு மாதங்களாக ஒரு வேளைகூடத் தவறாமல் உட்கொண்டும், இரத்த அழுத்தம் 160/100-க்குக் கீழே இறங்கவில்லை. காலையும் இரவும் ஐந்து நிமிடம் அமைதியாக அமரவைத்து, கையை மேசைமீது தாங்கலாக வைக்கச் சொல்லி நானே அளந்து, பழைய மளிகைக் கணக்கு நோட்டில் குறித்துவருகிறேன். ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. அதில் அம்மாவுக்கு என்மீது இன்னும் வருத்தம்தான்.

இப்போது பார்க்கும் மருத்துவர் பொறுமையானவர். ஆயினும் மாத்திரையின் அளவைக் கூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். அட்ரினல் சுரப்பியில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மிகுதல், சிறுநீரகத் தமனி சுருங்குதல், உறக்கத்தில் மூச்சு தடைபடுதல் ஆகியவற்றாலும் அழுத்தம் இவ்வாறு அடங்காமல் போகலாம் என்பதால், அவற்றையும் சோதித்துவிடுவது நல்லதென்று நினைக்கிறேன். அம்மாவின் இரத்தப் பொட்டாசியம் 3.2 என்று குறைவாக வந்துள்ளது; ஆல்டோஸ்டிரோன் மிகுந்தாலும் இப்படிக் குறையலாம். குளோர்தாலிடோனும் அதைக் குறைக்கும் என்பதால் நானாக எதையும் முடிவுசெய்ய விரும்பவில்லை. குறட்டையும் உண்டு.

வேலூர் சி.எம்.சி.யில் இதற்கு முதலில் சிறுநீரகவியல், நாளமில்லாச் சுரப்பியியல், இதயவியல் ஆகியவற்றுள் எத்துறையில் முன்பதிவு செய்வது பொருத்தம்? ஆல்டோஸ்டிரோன்-ரெனின் இரத்தப் பரிசோதனைக்காக உங்கள் வீட்டில் யாருக்கேனும் மருத்துவர் மாத்திரைகளை மாற்றியதுண்டா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.