புதுப்பிப்பு: அப்பா போனதுக்கு அப்புறம் வந்த படபடப்பு

அப்பா இறந்ததுல இருந்து ராத்திரி தூக்கமே இல்லை, நெஞ்சு படபடக்குதுன்னு இங்கே எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இப்போ தேவலை.

ரொம்பக் கை கொடுத்தது மூச்சுதான். நாலு எண்ணுற வரைக்கும் இழுத்து, ஆறு எண்ணுற வரைக்கும் மெதுவா விடணும். விடுற மூச்சு நீண்டா இதயத் துடிப்பு தணியும். எங்க வீடு சென்னை ராயபுரத்துல தெருவை ஒட்டியே இருக்கு. காசிமேட்டுக்குப் போற மீன் வண்டிச் சத்தத்துல விடியுறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடும். அப்போ எழுந்திரிக்காம வயித்து மேல கையை வெச்சு, அது ஏறி இறங்குறதை மட்டும் கவனிப்பேன். முகத்துல ஜில்லுனு தண்ணி அடிச்சுக்கிட்டாலும் படபடப்பு அடங்குது.

மதியத்துக்கு மேல டீ கிடையாது. சாயந்திரம் அண்ணியோட நடக்கப் போறேன். அப்பாவைப் பத்திப் பேசுவோம், அழுகை வந்தா அழுவோம். அழுகையை அடக்காதீங்கன்னு ஒருத்தர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. "மனசைத் திடப்படுத்திக்கோ"ங்கிற அட்வைஸ் மட்டும் தயவுசெஞ்சு யாருக்கும் சொல்லாதீங்க.

அரசாங்கத்தோட மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கும் பேசினேன். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. வாரக்கணக்கா தூங்காம தவிக்கிறவங்க அங்கே போய்க் காட்டுங்க. உயிரை விட்டுடலாம்னு தோணினா அந்த நிமிஷமே 14416க்குப் போன் பண்ணுங்க, தனியா இருக்காதீங்க.