சண்டையைத் தள்ளிவிட்டு ஆட்களை மட்டும் வாசிக்கிறவர்கள் யாராவது உண்டா?

காரைக்குடி வாசகன்:
மாயக்கதை என்றாலே பெரும் போர், மந்திர வாள், உலகைக் காக்கப் பிறந்த ஒருவன் என்று வாசித்து அலுத்துவிட்டது. படைகள் மோதும் பக்கங்களைப் புரட்டிவிடுகிறேன், ஆனால் அதே கதையில் இரண்டு பேர் உட்கார்ந்து பழைய மனஸ்தாபத்தைப் பேச ஆரம்பித்தால் வைக்க மனசு வருவதில்லை. ஆட்களுக்காகவே வாசிக்கக்கூடியது ஏதாவது சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, உர்சுலா லெ குவினின் ‘தெஹானு’ (1990) வாசியுங்கள். எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுலகக் கதை வரிசையில் நான்காவது. மூன்றாவதில் உலகத்தையே மீட்ட மந்திரவாதி கெட், இதில் சக்தியெல்லாம் தீர்ந்துபோய் ஊர் திரும்புகிறார். அரசனின் ஆட்கள் மரியாதையாகத் தேடி வந்தால்கூட முகம் கொடுக்கக் கூசி மலைக்குப் போய் ஆடு மேய்க்கிறார். கதையே அவருடையது இல்லை, தீயில் வெந்த ஒரு பெண்குழந்தையை எடுத்து வளர்க்கும் டெனார் என்ற விதவையுடையது. எனக்கு அப்பத்தாள் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது அங்கே வைத்திருந்த தொழில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம் ஊர் ஆண்கள், விசேஷ வீடுகளுக்குக்கூடப் போகாமல் வீட்டு உள்முற்றமான வளவில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்களாம். சாப்பாட்டிலிருந்து கடன்காரர் வரை சமாளித்தது வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டிலே இருந்த பெண்கள்தான்.

தேவகோட்டைக்காரன்:
ஆச்சி சொல்வது சரி, ஆனால் பெரிய சாகசத்தை ஒதுக்காதீர்கள். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற மோதிரக் கதையில் (1954-55) தீய மோதிரத்தை நெருப்பில் போட்டு அழிக்க அவ்வளவு தூரம் சுமந்து வந்த ஃப்ரோடோ, எரிமலை விளிம்பில் நின்று மோதிரம் தனக்கே என்று சொல்லிவிடுகிறான். வழியெல்லாம் அவன் தேய்ந்ததைக் கூடவே பார்த்ததால்தான் அந்த இடம் வலிக்கிறது. படை இருக்கட்டும், ஆளும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மானகிரி:
ராபின் ஹாபின் ‘அசாசின்ஸ் அப்ரென்டிஸ்’ (1995) பாருங்கள். அரச குடும்பத்தில் முறைதவறிப் பிறந்த ஆறு வயதுப் பையனைத் தாத்தாவே கோட்டை வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். வளர்ப்பவர் லாயத்துக்காரர். பையனின் மனசு ஒரு நாய்க்குட்டியின் மனசோடு ஒட்டிக்கொள்வது தெரிந்ததும், பயந்துபோய் இரண்டையும் பிரித்துவிடுகிறார். அந்தப் பக்கங்களுக்கு எந்தப் போரும் ஈடில்லை. மெதுவாகத்தான் போகும், பொறுத்து வாசியுங்கள்.

காரைக்குடி வாசகன்:
இரண்டையும் குறித்துக்கொண்டேன், நன்றி. ஆச்சி, ‘தெஹானு’வை நேரே எடுக்கலாமா?

பள்ளத்தூர் ஆச்சி:
வேண்டாம் தம்பி, முதல் மூன்றையும் முடித்துவிட்டு வாருங்கள். கெட் எப்பேர்ப்பட்டவராக இருந்தார் என்று தெரியாவிட்டால் அவர் இழந்தது உறைக்காது, அந்த அளவுக்குத் தேவகோட்டைத் தம்பி சொன்னது நியாயம்தான்.