லோரோங் 3 குழு: பளிங்குத் தண்ணி, செத்த மீன்

*சனி*

சரோ அக்கா 7.08: [படம்] பின்னால குளத்துல தீலாப்பியா விடியக்காலையிலேருந்து மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. நாலு செத்துப் போச்சு. தண்ணியப் பாருங்க, அடி தெரியுது, அவ்வளவு தெளிவு. நேத்து மழை விட்டதும் பாரிட்லேருந்து (வடிகால் வாய்க்கால்) பம் வச்சு நெரப்பினது. தீனி அதிகமாயிடுச்சோ?

தேவன் 7.15: தீனி இல்லக்கா, அந்தத் தெளிவுதான் சந்தேகமா இருக்கு. மீன் குளம்னா கொஞ்சம் பச்சையாவோ கலங்கலாவோ இருக்கணும். நம்ம பந்திங், கேரித் தீவு மாதிரி மலேசியக் கடலோர மண்ணுல பாரிட் தண்ணி பளிங்கா இருந்தா அலுமினியம் கரைஞ்சிருக்கும். களிமண் துகளுக்கு எதிர் மின்சுமை, அலுமினியத்துக்கு நேர் மின்சுமை. ரெண்டும் ஒட்டிக்கிட்டு அடியில போய் உக்காந்துடும். குடிதண்ணி ஆலையில படிகாரம் போட்டுத் தெளிய வைக்கிற அதே வேலை.

தேவன் 7.16: பாரிட் ஓரத்துல துரு கலர்ல சேறு படிஞ்சிருக்கா? பி.எச்., அதான் அமிலம் எவ்வளவுன்னு காட்டற எண், பாத்தீங்களா? 7-க்குக் கீழ போனா அமிலம்.

சரோ அக்கா 7.18: துரு சேறு நெறைய இருக்கு. பி.எச். பாக்க ஒண்ணும் இல்ல, மீன் கடை பத்து மணிக்குத்தான் தொறப்பான்.

யோகா டீச்சர் 7.24: வேலியில சங்குப்பூ இருக்கே. பத்து பூவ கால் கப் சுடுதண்ணியில போட்டா நீலமா சாயம் எறங்கும், நாசி கெராபு, அந்த நீலச் சோத்துக்கு எடுக்கிற மாதிரிதான். ஆறினதும் மூணு வெள்ளை கிண்ணத்துல ஒவ்வொரு ஸ்பூன் ஊத்துங்க. ஒண்ணுல குடிதண்ணி, ஒண்ணுல குளத்துத் தண்ணி, ஒண்ணுல குடிதண்ணியோட ரெண்டு சொட்டு எலுமிச்சை. குளத்துக் கிண்ணம் ஊதா பக்கம் சாஞ்சா அமிலம். நம்பர் சொல்லாது, எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லும்.

சரோ அக்கா 7.51: [படம்] ஊதா அடிக்குது டீச்சர்.

மணியம் மாமா 8.02: தோட்டத்துல பழைய ஆளுங்களுக்குத் தெரிஞ்ச சங்கதிதாம்மா. கடலோரக் களிமண்ணுக்கு அடியில பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த சரக்கு இருக்கு. தண்ணிக்குள்ள கெடக்கிற வரைக்கும் சாது. பாரிட்டை ஆழமா வெட்டி அதுக்குக் காத்து பட்டா கந்தக அமிலமா மாறிடும். வெயில் காலத்துல உருவாகி மண்ணுல தங்கும், முதல் கனமழை மொத்தத்தையும் பாரிட்ல கழுவி எறக்கும். வெட்டின கரையில வைக்கோல் மஞ்சள்ல புள்ளி புள்ளியா தெரிஞ்சா அதேதான், அந்த மண்ணு பி.எச். 3.5-க்கும் கீழ போகும். செம்பனை காட்டுல பாரிட்டுக்கு அணை போட்டுத் தண்ணிய நிறுத்தி வைக்கிறது அந்த அடுக்கு காயக் கூடாதுன்னுதான்.

சரோ அக்கா 10.40: பி.எச். பாக்கற காகிதப் பட்டை வாங்கியாச்சு. 4 காட்டுது. 7-க்கும் 4-க்கும் மூணுதானே வித்தியாசம், மீன் தாங்காதா?

யோகா டீச்சர் 10.43: மூணு இல்லக்கா, ஆயிரம். ஒவ்வொரு படி எறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு ஏறும். 1909-ல சோரன்சன்னு டென்மார்க் வேதியியலாளர், கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்துல இருந்தவரு, இந்த அளவைக் கொண்டாந்தாரு. ஆமா, அந்த பீர் கம்பெனிதான் 😄

தேவன் 10.50: அமிலத்தை விடக் கொடுமை அலுமினியமும் இரும்பும். செவுளை ஒட்டின தண்ணியில அமிலம் கொஞ்சம் கம்மி. கரைஞ்சிருக்கிற அலுமினியம் அங்க வந்ததும் கோழையா படிஞ்சிடும். செத்த மீனோட செவுள் மூடியத் தூக்கிப் பாருங்க, சாம்பலாவோ துருவாவோ சளி ஒட்டியிருக்கும். தண்ணியில காத்து இருந்தும் மூச்சு முட்டறது இதனாலதான். ஏர் பம் மட்டும் போட்டா பத்தாது.

தேவன் 10.52: இப்ப செய்ய வேண்டியது. பம்மை நிறுத்துங்க. உசிரோட இருக்கிறதை டிரம்முக்கு மாத்துங்க, குளோரின் போன பைப் தண்ணி. சட்டுனு தூக்கிப் போடாதீங்க. வாளியில குளத்துத் தண்ணியோட மீனை எடுத்து, டிரம் தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா அரை மணி நேரம் கலந்து அப்புறம் விடுங்க. மீன் உள்ள இருக்கும்போது சுண்ணாம்பு போடவே கூடாது. பி.எச். 4-லேருந்து ஏறி 5, 6-ஐத் தாண்டும்போதுதான் அலுமினியம் அதிகமா படியும்.

சரோ அக்கா 10.58: வெத்தல சுண்ணாம்பு கடையில கிலோ கணக்குல இருக்கு. எவ்வளவு போடணும்?

தேவன் 11.03: ஐயோ வேணாம். அதுவும் கட்டட சுண்ணாம்பும் நீத்த சுண்ணாம்பு, கை தவறினா பி.எச். 12-க்குப் போயிடும். உரக்கடையில ஜி.எம்.எல். கேளுங்க, செம்பனைக்குப் போடற சுண்ணாம்புக்கல் மாவு. தண்ணி 8-ஐ நெருங்கினதும் அது கரையறதே குறைஞ்சிடும், அதனால மிஞ்சாது. குளம் 10 மீட்டர் நீளம், 6 அகலம், 1 ஆழம்தானே? 60,000 லிட்டர். முதல்ல 6 கிலோ. வாளித் தண்ணியில கரைச்சு எல்லாப் பக்கமும் வீசுங்க. மறுநாள் காலையில அளந்து, 6.5-க்கு வரலைன்னா இன்னும் 6 கிலோ.

சரோ அக்கா 11.06: மாவு பறக்குமே. கல்லா, பவளமா பாரிட் வாயில கொட்டி வச்சா?

மணியம் மாமா 11.10: ஒரு வாரம் வேலை செய்யும். அப்புறம் கல்லு மேல இரும்புத் துரு ஓடு மாதிரி பூசிக்கும், உள்ள இருக்கிற சுண்ணாம்பு தண்ணியத் தொடவே தொடாது. மாவுதான்.

தேவன் 11.14: இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு. இரும்பு கரைஞ்ச பாரிட் தண்ணிய எடுத்த உடனே அளந்தா 5.5, 6-னு நல்ல பிள்ளையா காட்டும். காத்து பட்டு இரும்பு துருவா மாறும்போது புதுசா அமிலம் விடும். அதனால ஒரு வாளி எடுத்து, ஏர் பம் ஓட விட்டு, மறுநாள் அளங்க. அதுதான் நெஜ எண். அது தெரியாம குளத்துக்கு ஒரு சொட்டும் ஏத்தாதீங்க.

*அடுத்த வியாழன்*

சரோ அக்கா 16.20: காலையில குளத்துல பி.எச். 7.1 இருந்துச்சு. மீனையும் விட்டாச்சு, தண்ணியும் பச்சையாச்சு. இப்ப 8.9-ங்கிறான்! கொட்டாயில ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் அரை போத்தல் கெடக்கு. ஒரு மூடி ஊத்தவா?

மணியம் மாமா 16.26: தொடாதம்மா. அது பார்மிக் ஆசிட், சோலி வேற. புதுப் பால் பி.எச். 7-ஐ ஒட்டி இருக்கும். ரப்பர் துகள் எல்லாத்துக்கும் எதிர் மின்சுமை, ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு மெதக்கும். 5-க்குக் கிட்ட எறக்கினா சுமை போயி ஒண்ணா சேந்துக்கும். மாட்டுப்பால் தயிராகறதும் 4.6 கிட்ட, ரெண்டு பாலுக்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு. ஆசிட் பத்தலைன்னா கட்டியிலேருந்து வடியற தண்ணி வெள்ளையா ஓடும், ரப்பர் வீணு. கூடிப்போனா கட்டி இறுகி, ரப்பர் சீட்டு காய நாளாகும். உறையக் கூடாதுன்னா அமோனியா ஊத்தி 10-க்கு ஏத்துவாங்க.

தேவன் 16.33: அமோனியான்னதும் ஞாபகம் வருது. அக்கா, அந்த 8.9 பாசியோட வேலை. பகல்ல பாசி கரியமில வாயுவை இழுத்துக்கும், பி.எச். ஏறும். ராத்திரி மூச்சு விடும், எறங்கும். ஆசிட் ஊத்தினா அந்த எறக்கத்தோட சேந்து விடியக்காலையில பள்ளத்துல விழும். காலை 6, மாலை 4, ரெண்டு வேளையும் அளந்து எழுதி வைங்க.

தேவன் 16.36: நீங்க பயப்பட வேண்டியது மீன் கழிவு அமோனியாவுக்கு. 28 டிகிரித் தண்ணியில, பி.எச். 7-ல அதுல நூத்துக்கு 0.7 பங்குதான் விஷம். 8-ல 6.5. 9-ல 41! அதனால ரெண்டு நாள் தீனி வேணாம். குளோரின் போன பைப் தண்ணியில அஞ்சுல ஒரு பங்கு மாத்துங்க, விடியக்காலையில. மேல பாதி குளத்துக்குக் கறுப்பு வலை போட்டா பாசி அடங்கும்.

சரோ அக்கா 16.41: சரி தம்பி. அடியில வாரின சேறு நாலு கூடை இருக்கு. மிளகாச் செடிக்குப் போடலாமா?

மணியம் மாமா 16.44: கறுப்பா, அழுகின முட்டை நாத்தமா?

சரோ அக்கா 16.45: ஆமா மாமா.

மணியம் மாமா 16.49: அப்ப வேணாம். இப்ப அளந்தா 7 காட்டும், காய்ஞ்சதும் பைரைட் கதை திரும்ப ஆரம்பிச்சிடும். மிளகாய்க்கு 6-லேருந்து 6.5 வேணும். 5-க்குக் கீழ போனா வேர் நுனி கட்டையா நின்னுடும், போடற உரமும் ஏறாது. ஒரு பிடி சேத்தைக் கப்புல வச்சு, ஈரம் காயாம எட்டு வாரம் காத்துல விட்டு அளந்து பாரு. 4-க்குக் கீழ எறங்கினா தோட்டத்துப் பக்கம் காட்டாதே. அதுவரைக்கும் கூடையை அப்படியே டிரம் தண்ணியில முக்கி வை, காத்து படாம.