'டூ யூ மைண்ட்' என்றால் எஸ்ஸா, நோவா?

'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (அடைமழை) மாதிரி ஆங்கில மரபுத்தொடர்களை எல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். வேலைக்குப் போன பிறகு அதை ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. ஆளைக் கவிழ்ப்பது சின்னச் சின்ன வாக்கியங்கள்தான்.

ஒரு பயிற்சி வகுப்பில் தாமதமாக வந்த வெளிநாட்டுப் பெண்மணி, காலி நாற்காலியைக் காட்டி "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்று கேட்டார். என் பக்கத்தில் இருந்த நண்பர் முகமெல்லாம் சிரிப்பாக "எஸ், எஸ்!" என்றார். அந்தம்மா "சாரி" சொல்லிவிட்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார். நண்பருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தம்மா கேட்டது, 'உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபமா?' என்று. "நாட் அட் ஆல்" என்றால்தான் உட்காரச் சொன்னதாக அர்த்தம். (அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது அவர் உட்கார்ந்திருக்கலாம் என்பது என் கட்சி.)

இதற்கு அண்ணன் எதிர்மறைக் கேள்வி. "மெயில் கிடைக்கலையா?" என்று தமிழில் கேட்டால் "ஆமா, கிடைக்கலை" என்போம். கேட்டவர் நினைப்பது சரி என்று ஒப்புக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி இருந்தாலும், கிடைத்திருந்தால் எஸ், கிடைக்கவில்லை என்றால் நோ. எங்கள் குழுவில் ஒருவர் "டிடின்ட் யூ கெட் மை மெயில்?" என்ற கேள்விக்கு நம் வழக்கப்படி "எஸ்" சொல்லிவிட்டார். சரி, போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து, மெயில் அனுப்பியவர் மறுபடி அனுப்பவில்லை. இவரோ இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். நான் இப்போதெல்லாம் வெறும் எஸ், நோவோடு நிறுத்துவதே இல்லை. "நோ, ஐ டிடின்ட்" என்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் "டெல் மீ அபௌட் இட்". வேலைப்பளுவைப் பற்றி ஒருவர் அலுத்துக்கொண்டபோது மேலாளர் இதைச் சொன்னார். 'அதை ஏன் கேட்கிறீர்கள், எனக்கும் அதே கதிதான்' என்கிற அலுப்பு அது. நம்மவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். மேலாளர் பாவம், கடைசிவரை கேட்டார்.

ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் தப்பவில்லை. ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வோம் என்றால் பிரிட்டன்காரருக்கு அதை உடனே விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்கருக்கு ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப்போரின்போது இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் இதை வைத்து நெடுநேரம் சண்டை போட்டதை சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். இரண்டு தரப்பும் விரும்பியது ஒன்றையேதானாம்! மீட்டிங்கில் யாராவது 'டேபிள்' என்றால், பேசுகிறவர் எந்த நாட்டுக்காரர் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.