வார்ஃபரின் எடுக்கிறவங்களுக்கு ஃப்ளூ ஊசி போடலாமா?

தக்கலைக்காரி:
அம்மாவுக்கு 67 வயசு, சர்க்கரை உண்டு. இதய வால்வு மாத்தினதால, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்காங்க. முட்டை தின்னா உடம்பெல்லாம் தடிப்பு வரும். ஃப்ளூ ஊசி போடலாமா? போட்டா அதுவே ஃப்ளூவைக் கொண்டுவரும்னு பக்கத்து வீட்டுல சொல்லுதாங்க. எந்த மாசம் போடணும்?

செவிலி_குழித்துறை:
தாராளமா போடலாம். கையில போடுற ஊசியில உயிருள்ள வைரஸ் கிடையாது, அதால ஃப்ளூ வராது. கைவலி, உடம்புவலி, லேசான காய்ச்சல் வரலாம். ஒண்ணு ரெண்டு நாள்ல அடங்கிரும். முட்டைத் தடிப்புக்காக மறுக்க வேண்டியதில்ல. முன்னால ஃப்ளூ ஊசிக்கே மூச்சுத்திணறல் வந்திருந்தாத்தான் கூடாது.

வார்ஃபரினை நிறுத்தாதீங்க. கடைசி ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற பரிசோதனை) டாக்டர் சொன்ன அளவுக்குள்ள இருக்கான்னு பாத்துட்டுப் போங்க. 23 கேஜ் (ஊசியோட தடிமன் எண், எண் கூடினா ஊசி மெல்லிசு) அல்லது அதைவிட மெல்லிய ஊசி கேளுங்க. குத்தின இடத்தைப் பஞ்சு வச்சு ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும், தேய்க்கவே கூடாது. தேய்ச்சா ரத்தம் கட்டி நீலம் பாரிச்சிரும்.

இன்னொண்ணு: ஜாக்கெட் கை இறுக்கமா இருந்தா, கிடைச்ச இடத்துல மேலயே குத்திருவாங்க. மருந்து தோள் மூட்டுக்குள்ள போனா மாசக்கணக்குல கையைத் தூக்க முடியாது. தோள் எலும்பு முனையிலிருந்து ரெண்டு மூணு விரல்கடை கீழதான் சரியான இடம். லூசான கை வச்ச ஜாக்கெட் போட்டுவிடுங்க. ஊசி போட்டதும் கிளம்பாம 15 நிமிஷம் அங்கயே உட்காரட்டும்.

மருந்துக்கடை_மார்த்தாண்டம்:
நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, மழையோட ஃப்ளூவும் ஏறும். எதிர்ப்பு சக்தி வர ரெண்டு வாரம் ஆகும். அதனால ஜூன் மழைக்கு மே நடுவிலேயே போட்டிரணும். தவறினா ஐப்பசி மழைக்கு முன்ன, செப்டம்பர்ல. பெட்டியில எந்த ஆண்டுக்கான மருந்துன்னு அச்சடிச்சிருக்கும், பழைய ஆண்டுன்னா வாங்காதீங்க. மூணு வகை வைரஸுக்கான மருந்துன்னா குறைஞ்சதுன்னு நினைக்க வேண்டாம். நாலாவதான பி யமகாட்டா 2020 மார்ச்சுக்குப் பிறகு தென்படவே இல்ல.

கடையில வாங்கி கிளினிக்குக்குக் கொண்டுபோறதா இருந்தா 2 முதல் 8 டிகிரி வரை குளிர்ச்சி வேணும். ஐஸ்மேல நேரா வச்சா உறைஞ்சு கெட்டிரும், துணி சுத்தி வையுங்க. உறைஞ்சதை உருக்கிப் போடக்கூடாது.

தக்கலைக்காரி:
ரொம்ப நன்றி. காய்ச்சலுக்கு என்ன மாத்திரை கொடுக்கலாம்? மூணாம் நாளும் விடலன்னா?

செவிலி_குழித்துறை:
பாராசிட்டமால் 500 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில, ஒண்ணு ரெண்டு நாள் மட்டும். இபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் வார்ஃபரினோட சேர்ந்தா ரத்தக்கசிவு வரும், தொடவே வேண்டாம். மூணாம் நாளும் காய்ச்சல் இருந்தா ஊசிமேல பழியைப் போட்டுட்டு வீட்டுல இருக்காதீங்க. மழைக்காலத்துல டெங்கு, எலிக்காய்ச்சல் ரெண்டுக்கும் ரத்தம் பார்க்கணும். ஆறு வாரத்துக்குள்ள கால் மரத்துப்போய் பலமில்லாம மேல ஏறிக்கிட்டே வந்தா, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பத்து லட்சம் பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் அப்படி வரும், ஆனா காத்திருக்கிற விஷயமில்ல. ஊசி போட்ட தேதியையும் சொல்லுங்க.