பிரிட்ஜ் கோர்ஸ் முதல் நாளே கணக்கு டெஸ்ட்: படிச்சிட்டுப் போகோணுமா?

கோபிப்பொண்ணு:
வணக்கமுங்க. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், பயோ மேத்ஸ் குரூப். கோயமுத்தூர்ப் பக்கம் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கேன். பிரிட்ஜ் கோர்ஸ் (காலேஜ் பாடத்துக்கு முன்னாடி அடிப்படையைச் சொல்லித் தர்ற வகுப்பு) தொடங்குற அன்னைக்கே கணக்குல ஒரு டெஸ்ட்டாமா. 30 கேள்வி, 1 மணி நேரம், நாலு ஆப்ஷன், நெகட்டிவ் மார்க் இல்லை, கால்குலேட்டர் கூடாது. இன்டர்னல்ல சேராது, ஆனா மார்க்கை வச்சு ரெண்டு பேட்ச்சாப் பிரிப்பாங்களாம். 12-ஆம் வகுப்புப் புத்தகத்தை முதல்ல இருந்து புரட்டட்டுமுங்களா? தெரியாததைக் குத்துமதிப்பா ஷேட் பண்ணலாமுங்களா?

நொய்யல்கரை:
12-ஐ முழுசாப் புரட்ட வேண்டாம் அம்மிணி. இந்த மாதிரி டெஸ்டுல மார்க்கைத் தின்னுறது கால்குலஸ் இல்லை, 9, 10-ல படிச்ச அல்ஜீப்ராதான். அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல (பாடத்திட்டத்துல) முதல் செமஸ்டர் பேப்பர் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்'னு இருந்துச்சு. முதல் யூனிட்டே ஐகன்வேல்யூ, அதாவது ஒரு மேட்ரிக்ஸுக்கு உரிய தனி எண்கள்; அதை லாம்டான்னு குறிப்பாங்க. மேல் வரிசை 4, 1; கீழ் வரிசை 2, 3-ன்னு ஒரு மேட்ரிக்ஸ் குடுத்தா, லாம்டா ஸ்கொயர் − 7 லாம்டா + 10 = 0-ன்னு வந்து நிக்கும். காரணிப்படுத்தி 5, 2-ன்னு உடனே எடுக்கோணும். அங்க கை தடுமாறுனா, ஐகன்வெக்டர் நடத்தும்போது நீங்க இன்னும் முந்தின வரியிலயே நிப்பீங்க.

அதனால தினமும் ஒரு மணி நேரம், கால்குலேட்டர் தொடாம இதுகளைப் போடுங்க: பின்னம் கூட்டல் கழித்தல், அடுக்குக்குறி விதி, காரணிப்படுத்தல், மடக்கை (லாக்), 0, 30, 45, 60, 90 டிகிரிக்கு சைன், காஸ் மதிப்பு. வழக்கமாச் சறுக்குற இடம்: √(9+16)-ஐ 3+4-ன்னு பிரிச்சு 7 போடுறது (விடை 5). லாக்(2+3)-ஐ லாக் 2 + லாக் 3-ன்னு எழுதுறது; அப்படிக் கூட்டுனா லாக் 6 வரும், சரியான விடை லாக் 5. −2எக்ஸ் > 6-ல மைனஸ் 2-ஆல வகுத்துட்டு குறியைத் திருப்ப மறக்குறது. சரியான விடை எக்ஸ் < −3. ஆப்ஷன்ல இந்தத் தப்பு விடைகளையும் சேர்த்தே வச்சிருப்பாங்க.

நேரம் மிஞ்சுனா 11-ஆம் வகுப்பு ரெண்டாம் தொகுதியில எல்லை, வகையிடல், தொகையிடல் பாடங்கள். நம்ம பக்கம் 11-ஐ மேலோட்டமா ஓட்டிட்டு 12-க்குப் போற பள்ளிக நிறைய, ஓட்டை அங்கதான் இருக்கும்.

கணக்குவாத்தியார்_பெருந்துறை:
குத்துமதிப்பா ஷேட் பண்ணவே பண்ணாதீங்க. கணக்குப் போட்டே பாருங்க: 12 தெரியும், 18 தெரியாதுன்னு வைங்க. நாலு ஆப்ஷன்ல கண்ணை மூடிக் குறிச்சா அந்த 18-ல சராசரி நாலரை சரியாகும். 12 மார்க் 16, 17 ஆயிரும். பிரிக்கிற கோடு 15-ல இருந்தா மேல் பேட்ச்சுல உக்காந்துருவீங்க. அங்க அடிப்படையை யாரும் திரும்பச் சொல்ல மாட்டாங்க. மார்க் செமஸ்டர்ல சேராதபோது அந்த நாலு மார்க்கால உங்களுக்கு நஷ்டம் மட்டும்தான். ஆனா ரெண்டு ஆப்ஷனைக் காரணத்தோட தள்ளிட்டு மிச்சத்துல ஒண்ணு எடுக்குறது வேற. அது பாதி தெரிஞ்சதுக்குச் சமம், அதைக் குறிக்கலாம்.

கீழ் பேட்ச்னு கூச்சப்பட ஒண்ணுமில்லை. பல இடத்துல அங்கதான் ட்யூட்டோரியல் (கணக்குப் போட்டுப் பழகுற வகுப்பு) அதிகம்.

கோபிப்பொண்ணு:
ரொம்ப நன்றிங்க. கேள்வித்தாள் இங்கிலீஷ்லயாம், அதுதான் பயமா இருக்குது.

நொய்யல்கரை:
ஒரு நோட்டுல இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இங்கிலீஷ் பேர் எழுதுங்க: வகைக்கெழு டெரிவேடிவ், தொகையீடு இன்டெக்ரல், அணிக்கோவை டிட்டர்மினன்ட், நேர்மாறு இன்வெர்ஸ், சார்பு ஃபங்ஷன், மடக்கை லாகரிதம். பாடநூல் இங்கிலீஷ் பதிப்பை அரசு தளத்துல இலவசமா இறக்கிக்கலாம். ரெண்டையும் ஒரே கணக்குல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, நாப்பது அம்பது பேர்ல முடிஞ்சுரும்.

அப்புறம், ரஃப் ஷீட்டைத் தூக்கிப் போட்றாதீங்க. விடை சொன்னதும் ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்துல 'தெரியலை', 'குறி மாறிருச்சு', 'நேரம் பத்தலை'ன்னு எழுதி வைங்க. பேட்ச் பொருந்தலைன்னா முதல் வாரத்துலயே அந்த ஷீட்டோட போய் கணக்கு சார்கிட்ட மாத்தச் சொல்லிக் கேளுங்க. பாடம் நகர்ந்த பிறகு மாத்துறது அவங்களுக்கும் கஷ்டம்.