பின்சக்கர வால்வு அறுகிறது: ரிம் லாக் போட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் வண்டியின் பின்சக்கர டியூபில் வால்வு அடியோடு அறுந்துபோகிறது. முள்ளோ ஆணியோ குத்திய தடமே இல்லை. அறுவது வால்வின் வேரில் என்பதால் பஞ்சர் ஒட்டவும் வழியில்லை, டியூபையே மாற்ற வேண்டியிருக்கிறது.

வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக், 2022 மாடல். பின் டயர் 120/80-18, ஸ்போக் சக்கரம். வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்குத் தார்ச்சாலையில் ஏறி, அப்புறம் காபித் தோட்டங்களுக்குள் கல்லும் சேறுமான பாதை. இரண்டுக்கும் ஒரே வண்டி போதும் என்றுதான் எங்கள் பக்கம் பலரும் இந்த வகைக்கு மாறுகிறார்கள்; வண்டியில் எனக்குக் குறையே இல்லை. மண்பாதையில் பிடிப்புக்காகப் பின் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்குவேன். இந்த மழைக்காலத்தில்தான் தொல்லை ஆரம்பித்தது. செங்குத்து ஏற்றத்தில் முதல் கியரில் முறுக்கி ஏறிவிட்டுப் பார்த்தால், துளையில் நேராக நின்ற வால்வு பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். டயர் ரிம்மில் நழுவும்போது டியூபையும் சேர்த்து இழுக்கிறது.

தடித்த டியூப் போட்டாயிற்று. ரிம் டேப்பும் புதுசு. டால்க் பவுடர் தூவியும் பயனில்லை. வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல் மூடியை ஒட்டி மேலே விட்டேன். சாய்வது சீக்கிரம் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். 25 பிஎஸ்ஐ வைத்தால் வால்வு நகர்வதில்லை, ஆனால் ஈரப்பாறையில் சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறது, அது ஆபத்து.

மிச்சம் ரிம் லாக்தான், அதாவது டயர் ஓரத்தை ரிம்மோடு அழுத்திப் பிடித்து நழுவவிடாமல் செய்யும் பூட்டு. இங்கே மெக்கானிக் யாரும் போட்டுப் பழக்கமில்லை. இந்த ரிம்மில் துளை போட்டு மாட்டியவர்கள், அதன் எடையால் தார்ச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் அதிர்வு வராமலிருக்க எதிர்ப்பக்கம் எவ்வளவு எடை கட்டினீர்கள்?